உறி



பழந்தமிழ் நூல்களைப் படிக்கப் புகுவோர்க்கு இருவகைச் சொற்கள் இடர்ப்பாடு தருகின்றன. ஒருவகை, அருஞ்சொற்கள். இவற்றிற்கு அகராதி துணை செய்யும். மற்றொரு வகை, எளிய சொற்கள். ஒரு காலத்தில் சிறு குழந்தையும் அறிந்திருந்தவை. இன்று அப்பொருளே வீட்டைவிட்டு வெளியேறிவிட்டமையால், பொருளோடு சேர்ந்து பொருளற்றுப் போனவை. இவற்றிற்கு அகராதி முழுத் துணை செய்வதில்லை. பொருளைக் கண்ணால் கண்டவர்க்கே சொல்லின் உயிர் புலப்படும். அத்தகைய சொற்களுள் ஒன்று 'உறி'. இரண்டே எழுத்து. ஆயினும் அதன் வரலாறு ஈராயிரம் ஆண்டு நீளமுடையது.

உறியாவது யாது? வீட்டின் உத்திரத்திலோ விட்டத்திலோ கட்டித் தொங்கவிடப்பெறும் கயிற்றுச் சட்டம் அது. தென்னை நாரையோ பனை நாரையோ திரித்துப் புரியாக்கி, மூன்று அல்லது நான்கு வடங்களாக நீளவிட்டு, அவற்றின் மேல்முனைகளை ஒரு முடிச்சில் சேர்ப்பர். கீழ்முனைகளைப் பிரம்பாலோ கயிற்றாலோ அமைந்த ஒரு வளையத்தில் பிணைப்பர். அவ்வளையத்தின்மேல் சட்டி அமரும். அதன்மேல் இன்னொரு சட்டி, அதன்மேல் மற்றொன்று என அடுக்கி வைப்பதும் உண்டு. பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், முன்னாள் சமைத்த குழம்பு, ஊறுகாய் ஆகியவை அங்கே இருக்கும். பரண் என்பதும் உயரத்தில் பொருளை வைக்கும் இடமே. ஆனால் பரண் சுவரோடும் தூணோடும் ஒட்டியது. உறியோ எதனோடும் ஒட்டாதது. இந்த ஒட்டாமையே அதன் சிறப்பு.

சுவரைத் தொடும் எப்பொருளையும் எலி அணுகும். தரையைத் தொடும் எப்பொருளையும் எறும்பும் ஈரமும் அணுகும். உறியில் வைத்த பொருளை அணுகுவதற்கு ஒரே வழிதான் உண்டு. அது மேலே உள்ள கயிறு. பல வாயில்களையுடைய கோட்டையைக் காப்பது அரிது. ஒரு வாயிலையுடைய கோட்டையைக் காப்பது எளிது. இக்காலத் துறைமுகங்களில் இதே அறிவு வேறு வடிவில் விளங்குகின்றது. 2009ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய காரைக்கால் துறைமுகத்தைப் போன்ற ஒரு துறையில் கப்பல் வந்து நிற்கும்போது, அதனைக் கரையோடு பிணைக்கும் வடங்களில் எலி ஏறாதவாறு வட்டத் தகடுகளை மாட்டுவது கடலோடிகளின் வழக்கம். நீர் சூழ்ந்த கப்பலுக்கு எலி வருவதற்கு வடமே வழி. காற்றுச் சூழ்ந்த சட்டிக்கு எலி வருவதற்கு உறிக்கயிறே வழி. இரண்டும் ஒரே சிந்தனை.

இன்னும் இரண்டு நுட்பங்கள் உறியில் உண்டு. முதலாவது, சட்டியைச் சுற்றிக் காற்று தடையின்றி உலவுகின்றது. மண்சட்டியின் நுண்துளைகள் வழியே கசியும் ஈரம் அக்காற்றால் ஆவியாகும்போது, சட்டியின் வெம்மை சிறிதே குறைகின்றது. உறி, பண்டத்தைப் பல நாள் கெடாமல் காப்பதன்று. ஒரு பொழுதுக்கு உரியதை அடுத்த பொழுது வரை காப்பது. இரண்டாவது, மூன்று வடங்கள் ஒரு புள்ளியில் கூடித் தாங்குவதால், கனத்தின் நடுவம் எப்போதும் அப்புள்ளியின் நேர்கீழே வந்து நிற்கின்றது. தள்ளினால் ஆடும், ஆடினாலும் தன் நிலைக்கே மீளும். இயற்பியல் பயிலும் மாணவர்கள் இதனை உறுதிச் சமநிலை என்று படிப்பர். கடைத்தெருவில் தராசின் தட்டு மூன்று சங்கிலிகளில் தொங்குவதும் இம்முறையிலேதான். 'தூக்கு' என்ற சொல் உறிக்கும் நிறைகோலுக்கும் பொதுப் பெயராக வழங்கியதன் காரணம் இதனால் விளங்கும்.

இனி, சொல்லைக் காண்போம். உறி என்பதில் வருவது வல்லின றகரம். இடையின ரகரம் இட்டு 'உரி' என்று எழுதினால் அது வேறு சொல்லாகிவிடும். உரி என்பது தோலையும் குறிக்கும். ஓர் அளவையும் குறிக்கும். இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. சோழர் காலக் கல்வெட்டுக்களில், கோவிலில் நந்தாவிளக்கு எரிப்பதற்கு 96 ஆடுகளை ஆயரிடம் ஒப்படைத்து, நாள்தோறும் உழக்கு நெய் அளக்கச் செய்த செய்தி பலவிடத்தும் காணப்படுகின்றது. இறக்கும் ஆட்டிற்கு ஈடாகப் பிறக்கும் ஆடு நின்று, எண்ணிக்கை குறையாது தொடரும் என்னும் கருத்தால் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். அத்தகைய கல்வெட்டுக்களில் 'உரி' என்று நெய்யோடு சேர்ந்து வருமாயின், அது அளவைப் பெயர், உறி அன்று. ஆயினும் இவ்விரண்டும் ஒரே முற்றத்தில் வாழ்ந்தவை என்பதை மறத்தல் ஆகாது. உறியில் இருந்து இறங்கிய வெண்ணெயே உருகி நெய்யாகி, உரியாலும் உழக்காலும் அளக்கப்பெற்றது.

மலையாளத்திலும் உறி என்றே இப்பொருள் வழங்குகின்றது. தெலுங்கில் இதனை 'உட்டி' என்பர். தமிழில் றகரம் நிற்கும் இடத்தில் தெலுங்கில் டகரம் நிற்பதைப் புற்று, சுற்று என்னும் சொற்கள் ஆங்கே புட்ட, சுட்டு என வழங்குவதிலும் காணலாம். வடமொழியில் இதற்குச் 'சிக்யம்' என்று பெயர். அதுவே தமிழில் 'சிக்கம்' என வந்தது. வேள்வித் தீயை ஏந்திய மண்கலத்தைச் சிக்யத்தில் வைத்துச் சுமக்கும் வழக்கம் வேதச் சடங்குகளுள் ஒன்றாகும். இந்தியில் 'சீங்கா' என்றும், வங்கத்தில் 'சிகா' என்றும் அச்சொல் வழங்குகின்றது. எதிர்பாராத பேறு ஒருவனை வந்தடைந்தால், பூனையின் நல்லூழால் உறி அறுந்தது என்று இந்தி பேசுவோர் கூறுவர். நம்மவரோ, கையில் இருப்பதை அறியாது வெளியே தேடுபவனைக் கண்டு, உறியிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைகிறான் என்பர். ஒரே உறியைக் கண்டு வடநாட்டார் பூனையின் பக்கம் நின்று சிரித்தனர். நாம் வீட்டுக்காரனைக் கண்டு சிரித்தோம்.

சங்க இலக்கியத்தில் உறி முதலில் நமக்குக் காட்சியளிப்பது ஆயர் தோளிலே. நற்றிணையின் 142ஆம் பாட்டு இடைக்காடனார் பாடியது. கார்காலத்தின் இறுதிநாளில், தூவானம் ஒருபுறத்தை நனைக்க, பால் விற்கும் இடையன் ஒருவன் கோலை ஊன்றித் தனித்து நிற்கின்றான். பல கால்களையுடைய மெல்லிய உறியையும், தீக்கடையும் கோலையும், பிற கருவிகளையும் தோலோடு சுருக்கிக் கட்டிச் சுமந்திருக்கின்றான். அவன் எழுப்பும் சீழ்க்கையொலி கேட்டு, ஆட்டுக்குட்டியைக் கவர வந்த நரி அஞ்சி ஓடுகின்றது. 'கால்' என்று புலவர் கூறுவது உறியின் வடங்களை. இப்பொருளைக் கண்டறியாத மாணவன், உறிக்கு ஏது கால் என்று திகைப்பான். கண்டவன், தொங்கும் பொருளுக்குக் கால் மேல்நோக்கி இருக்கும் என்பதை எண்ணிப் புன்னகை புரிவான். அப்பாட்டின் முடிவு, இரவிலே வந்தாலும் விருந்தினரைக் கண்டு மகிழும் இல்லாளைப் பற்றியது. பால் சுமக்கும் உறியிலே தொடங்கி விருந்தோம்பும் மனையிலே முடிகின்ற அப்பாட்டின் போக்கு எண்ணத்தக்கது.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் ஆயனும் உறி சுமப்பவனே. செருப்பு அழுத்தியதால் அவன் அடியில் வடு. கோல் ஊன்றியதால் கையில் காய்ப்பு. உறி கட்டிய காவைச் சுமந்ததால் தோளில் தழும்பு. 'கா' என்பது தோளில் குறுக்கே இட்டுச் சுமக்கும் தண்டு. அச்சொல் இன்றும் காவடியில் வாழ்கின்றது. தண்டின் இரு முனைகளிலும் உறி தொங்க, அவற்றில் பாற்குடங்கள் அமர, கரடுமுரடான காட்டு வழியில் ஆயன் நடப்பான். வழி எவ்வளவு குலுங்கினும், தொங்கும் குடம் தன் நிலையைத் தானே திருத்திக்கொள்ளும். எனவே உறி வீட்டில் சேமிப்புச் சட்டம். வழியில் அதுவே வண்டி.

துறவியர்க்கும் உறி துணையாயிற்று. பாலைக்கலியில் பெருங்கடுங்கோ காட்டும் முக்கோல் அந்தணர், வெயிலுக்குக் குடை பிடித்து, உறியில் தொங்கும் கரகத்தோடு சுரத்திடையே செல்கின்றனர். தலைவனோடு சென்ற மகளைத் தேடிவரும் செவிலி அவர்களையே வினவுகின்றாள். மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார், மதுரை நகரத்துச் சமணப் பள்ளியை விளக்கும்போது, சிறுவாயையுடைய நீர்க்கலத்தைப் பல புரிகளையுடைய 'சிமிலி'யில் தொங்கவிட்டிருப்பதைச் சொல்கின்றார். சிமிலி என்பதும் உறியே. பிற்காலத்தில் அப்பர் பெருமானும் சமணரின் குண்டிகையை உறியோடு சேர்த்தே பேசுகின்றார். அவர் தாமே தருமசேனர் என்ற பெயரோடு அச்சமயத்தில் வாழ்ந்தவராதலின், கண்டதைக் கூறினார் என்பதில் ஐயமில்லை.

இங்கே ஒன்று சிந்திக்க வேண்டும். இடையனிடத்தில் உறி செல்வத்தின் அடையாளம். அதில் பாலும் நெய்யும் நிறைந்திருக்கும். துறவியிடத்தில் அதுவே துறவின் அடையாளம். அதில் இருப்பது தண்ணீர் மட்டும். உடைமை அனைத்தையும் துறந்தவனும் நீரைத் தரையில் வைக்காது தூய்மையாகக் காக்க விரும்பினான். அதற்கு உறி வேண்டியிருந்தது. ஒரே கயிற்றுப் பின்னல் ஒருவன் மிகுதியையும் மற்றொருவன் தேவையையும் தாங்கியது.

உறியைப் பற்றிய செய்திகளுள் நெஞ்சை உருக்குவது சிலப்பதிகாரத்தில் உள்ளது. நம் காரைக்காலுக்கு வடக்கே கடற்கரையை ஒட்டியது காவிரிப்பூம்பட்டினம். அங்கே வணிகர் மாளிகையில் வாழ்ந்த கோவலனும் கண்ணகியும் மதுரைப் புறஞ்சேரியில் ஆயர் முதுமகள் மாதரியின் இல்லத்தில் அடைக்கலம் புகுகின்றனர். சிலம்பை விற்கச் சென்ற கோவலன் திரும்பவில்லை. ஆயர்பாடியில் தீநிமித்தங்கள் தோன்றுகின்றன. குடத்தில் இட்ட பால் உறையவில்லை. உறியில் இருந்த வெண்ணெய் உருகவில்லை. ஆட்டுக்குட்டிகள் துள்ளவில்லை. வரப்போகும் துன்பத்தை அஞ்சிய மாதரி, அதனைப் போக்கக் குரவைக்கூத்து நிகழ்த்தச் செய்கின்றாள். அரண்மனையில் நேர்ந்த அநீதியை இளங்கோவடிகள் ஆயர் வீட்டு உறியிலே முதலில் உணர்த்துகின்றார். நாள்தோறும் பிழையாது நிகழும் செயல் ஒருநாள் நிகழாதபோதே மனம் துணுக்குறும். உறி என்பது அன்றாட வாழ்வின் ஒழுங்கு. அவ்வொழுங்கு குலைந்தது என்பதைக் காட்ட, அதைவிடத் தக்க இடம் அவருக்குக் கிடைக்கவில்லை போலும். 'உறி ஒரு கயிற்றுக் கட்டு' என்று மட்டும் அறிந்த மாணவன் இவ்விடத்தை எளிதில் கடந்து போய்விடுவான். இழப்பு சொல்லுக்கு மட்டுமன்று. காப்பியத்தின் ஓர் உயர்ந்த இடத்திற்கும் இழப்பு.

துன்பத்தில் தோன்றிய உறி இன்பத்திலும் தோன்றுகின்றது. கண்ணன் பிறந்த செய்தி கேட்ட ஆய்ப்பாடி மக்கள், உறிகளை முற்றத்தில் உருட்டிவிட்டு, பாலும் தயிரும் நெய்யும் தூவி ஆடியதாகப் பெரியாழ்வார் பாடுகின்றார். பொருளைக் காப்பதற்கென்றே ஏற்பட்ட உறியைத் தாமே இறக்கி உருட்டுகின்றனர் என்றால், அவர்தம் மகிழ்ச்சிக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. பின்னர் அக்குழந்தை வளர்ந்து, எட்டாத உறியை எட்டி வெண்ணெய் உண்ட கதை நாடறிந்தது. அக்கதையே உறியடித் திருவிழாவாக மலர்ந்தது. தஞ்சை மாவட்டத்தில் திருக்காட்டுப்பள்ளிக்கு அருகிலுள்ள வரகூரில் நிகழும் உறியடி புகழ் வாய்ந்தது. கிருஷ்ண லீலா தரங்கிணியை இயற்றிய நாராயண தீர்த்தரோடு தொடர்புடைய ஊர் அது. திருமலையில் கோகுலாஷ்டமியை அடுத்த நாள் 'உட்லோற்சவம்' நடைபெறுகின்றது. அப்பெயரில் தெலுங்கு உட்டி விளங்குவதைக் காண்க. மராட்டியத்தில் தயிர்ச்சட்டியை உயரக் கட்டி, இளைஞர் ஒருவர்மேல் ஒருவர் ஏறி உடைக்கும் விழாவும் இதனைச் சார்ந்ததே. வீட்டு உறி மறைந்த ஊர்களிலும் விழா உறி மறையவில்லை.

நம் நாட்டில் மட்டுமே இப்பொருள் தோன்றியது என்று கருதுவதற்கில்லை. பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவினரும் சுரைக்குடுக்கைகளையும் மரக்கலங்களையும் கயிற்று வலையில் வைத்து, அவ்வலைகளைத் தோள் தண்டின் இருமுனையிலும் தொங்கவிட்டுச் சுமந்தனர். அவ்வலையை அவர்கள் 'கோகோ' என்றனர். வங்க நாட்டில் சணலால் பின்னும் சிகா, பெண்களின் கைத்திறனுக்கு உரைகல்லாக இருந்தது. 1971ஆம் ஆண்டுப் போருக்குப்பின், வாழ்வாதாரம் இழந்த பெண்கள் பலர் அங்கே குழுக்களாகக் கூடி, சணல் உறிகளைப் பின்னி அயல்நாடுகளுக்கு அனுப்பிப் பிழைத்தனர். மேனாட்டு வீடுகளில் அவை பூந்தொட்டி தாங்கும் அழகுப் பொருளாயின. அடுக்களையில் பயன் குன்றிய பொருள் ஒன்று, பின்னத் தெரிந்த கைகளுக்கு வேறு வழியில் சோறளித்தது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். காரைக்கால் நகரின் ஒரு பகுதி கோவில்பத்து. 'பற்று' என்பது உரிமையுடைய நிலத்தைக் குறிக்கும் பழஞ்சொல். அதுவே பேச்சு வழக்கில் 'பத்து' ஆயிற்று. கோவில்பற்றே கோவில்பத்து. அங்குள்ள பார்வதீசுவரர் திருக்கோவில், திருஞானசம்பந்தர் பாடிய திருத்தெளிச்சேரியாகும். சிவபெருமான் உழவராக வந்து விதை தெளித்தமையால் தெளிச்சேரி என்னும் பெயர் அமைந்தது எனத் தலவரலாறு கூறுகின்றது. விதை தெளிக்க வேண்டுமாயின், விதையைக் காத்திருக்க வேண்டும். கழிமுகக் கரையில் அது எளிய செயலன்று. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் வெள்ளமும் வரும். நெல்லுக்குக் குதிரும் பத்தாயமும், விதைக்கு வைக்கோற்புரி சுற்றிய கோட்டையும், அன்றாட உணவுக்கு உறியும் என ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் இடம் வகுத்த அறிவு அத்தேவையிலிருந்து பிறந்தது. தரை நனைந்தாலும் உறி நனையாது.

இவ்வூரின் பெரும்புகழுக்கு உரியவர் காரைக்கால் அம்மையார். அவர் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். கணவன் பரமதத்தன் அனுப்பிய மாங்கனிகள் இரண்டும் வீட்டில் இருந்தன. பசியோடு சிவனடியார் ஒருவர் வந்தார். சோறு ஆயத்தமாயிருந்தது, கறி ஆகவில்லை. அம்மையார் ஒரு கனியை எடுத்துச் சோற்றோடு படைத்தார். பின்னர் நிகழ்ந்தவற்றைச் சேக்கிழார் விரித்துரைக்கின்றார். மாங்கனித் திருவிழாவாக நாம் ஆண்டுதோறும் கொண்டாடுகின்றோம். அக்கனிகள் எதன்மேல் வைக்கப்பெற்றிருந்தன என்பது நமக்கு வேண்டாத வினா. வீட்டில் வைத்திருந்த ஒன்று, வேண்டியபோது எடுக்கக் கிடைத்தது என்பதே கருத்து. வைத்துக் காப்பது எதற்காக? தனக்கென்று மட்டும் வைப்பது பூட்டு. வருவார்க்கும் உதவுமாறு வைப்பது இருப்பு. நற்றிணை காட்டும் இல்லாள் நள்ளிரவிலும் விருந்துக்கு மகிழ்ந்தாள் என்றால், அவள் வீட்டில் ஏதோ ஓர் இருப்பு இருந்திருக்கத்தான் வேண்டும்.

குளிர்ப்பெட்டி வந்தபின் உறிக்கு இடமில்லாமற் போயிற்று. இதற்காக வருந்துவது அறிவுடைமையாகாது. பாலையும் மருந்தையும் குளிர்ப்பெட்டி காப்பதுபோல் உறி காக்கமாட்டாது. நாள்தோறும் நாரைத் திரித்து, உயரத்தில் எட்டி ஏற்றி இறக்கிய பெண்களின் உழைப்பும் சிறிதன்று. ஆயினும் 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின், டெல்டாவின் ஊர்கள் பல நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. அப்போது குளிர்ப்பெட்டி வெறும் மரப்பெட்டியைப்போல் நின்றது. பழைய முறைகளை அறிந்த முதியோரே எதை எங்கே வைப்பது, எதை முதலில் உண்பது என்று சொல்ல வல்லவராயிருந்தனர். புதியதைக் கைவிட வேண்டும் என்பதன்று இதன் பாடம். ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழி தெரிந்திருக்க வேண்டும் என்பதே.

மாணவர்கள் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலும் தெருவிலும் எழுபது, எண்பது வயது கடந்த மூதாட்டியர் இருப்பர். அவர்களிடம் சென்று, உறியின் வளையத்திற்கு என்ன பெயர், வடத்திற்கு என்ன பெயர், முடிச்சிற்கு என்ன பெயர், எந்த நாரைக் கொண்டு திரித்தனர், எச்சட்டியை மேலே வைத்தனர், எதனைக் கீழே வைத்தனர் என்று கேளுங்கள். அவர்கள் கூறும் சொல்லை அவர்கள் ஒலித்தபடியே எழுதுங்கள். இயலுமாயின், ஓர் உறியை அவர்கள் கையாலேயே பின்னச் செய்து பள்ளியில் தொங்கவிடுங்கள். அதன்கீழ் நின்று நற்றிணையையும் ஆய்ச்சியர் குரவையையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். உரையாசிரியர் பல வரிகளில் விளக்கியதை அக்கயிறு ஒரு நொடியில் விளக்கும்.

நூல்கள் நமக்குக் கிடைத்துவிட்டன. உ. வே. சாமிநாதையர் முதலிய பெரியோர் ஏடு தேடி அலைந்து அவற்றை அச்சில் ஏற்றித் தந்தனர். பத்துப்பாட்டு 1889லும் சிலப்பதிகாரம் 1892லும் அவரால் வெளிவந்தன. அந்நூல்களில் வரும் பொருள்களின் அறிவோ இன்னும் மனிதர் நினைவில்தான் இருக்கின்றது. அந்நினைவுக்கு அச்சு வடிவம் இல்லை. இரண்டாம் படியும் இல்லை. கேட்டு எழுதுவோர் எழுதினால் நிற்கும். அப்பணியை இவ்வாண்டே தொடங்குங்கள்.